விதைக்குப் பெயர் உண்டு, நட்டவருக்கு?

"உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்று நம்மவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஜொகூர் பாருவில் வீடு வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே படித்திருப்பார்கள். ஆனால் பதில் வேறாக வரும். "நான் லாயாங் பக்கங்க." "ரெங்கம் தோட்டத்துல பொறந்தேன்." "அப்பா நியோர், அம்மா லம்பாக்." இந்தப் பெயர்களை வரைபடத்தில் தேடினால் கண்ணாடி போட வேண்டியிருக்கும். சில இடங்களில் இன்று நம்மவர் குடியிருந்த வீட்டின் சுவர்கூட மிச்சமிருக்காது. ஆனாலும் அதுதான் சொந்த ஊர்.

அப்படி ஓர் ஊரைப் பற்றித்தான் இந்த வாரம். குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் லாயாங்-லாயாங். மலாயில் இந்தச் சொல்லுக்குப் பட்டம் என்றும் பொருள் உண்டு, தகைவிலான் குருவி என்றும் பொருள் உண்டு. சின்னக் கடைத்தெரு, அதைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை சிம்பாங் ரெங்கம், கூலாய் வழியாகப் போய்விடுவதால், வேலை இருந்தால் ஒழிய இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

இந்தச் சின்ன ஊருக்குள் உலக வரலாறு நான்கைந்து முறை வந்து போயிருக்கிறது. அதைச் சொல்லும் முன் கொஞ்சம் தூரம் போய் வருவோம்.

ஒரு பொறாமை

இங்கிலாந்தின் சின்னக் கிராமங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். அவர்கள் வீட்டைப் பார்த்தோ தோட்டத்தைப் பார்த்தோ அல்ல. அவர்களுடைய ஏடுகளைப் பார்த்து.

1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பில் அங்குள்ள ஆயிரக்கணக்கான ஊர்களின் பெயர் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1538இல் இன்னோர் ஆணை பிறந்தது. ஒவ்வொரு தேவாலயமும் தன் வட்டாரத்தில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். அதனால் அங்கே ஒரு கூலி விவசாயியின் பேரன்கூட, பொறுமையாகத் தேடினால், பத்துத் தலைமுறைக்கு முந்திய தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

டெர்பிஷர் பகுதியில் ஈம் என்றொரு கிராமம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு பிளேக் நோயும் அந்த ஊருக்குள் வந்தது. நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என அந்த மக்கள் முடிவெடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக நீடித்த அந்த நோயில் சுமார் 260 பேர் இறந்தார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள், இந்த வீட்டில் இன்னின்னார் இறந்தார்கள் என்று வீட்டு முன் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கலாம்.

அந்தக் கிராமத்தார் நம் முன்னோரைவிடப் பெரிய தியாகிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களைப் பற்றி யாரோ எழுதி வைத்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

தண்டவாளம் வந்தது

இனி லாயாங்குக்கு வருவோம். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முழுமை பெற்றது. அதுவரை காடாக இருந்த மத்திய ஜொகூருக்குள் அந்தப் பாதையோடு தோட்டங்களும் நுழைந்தன. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். காட்டை அழிக்க, கன்று நட, பால் வெட்ட ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

தோட்டத்தில் நம்மவர் பெயர் எழுதப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. நாள்தோறும் விடியலில், பெரட்டுக் களத்தில், கிராணி பெயரைக் கூப்பிடுவார். வந்தவருக்குப் புத்தகத்தில் ஒரு குறி விழும். ஆனால் அந்தப் புத்தகம் சம்பளத்துக்கானது. கணக்கு முடிந்த பிறகு அதைப் பாதுகாக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. எவரும் இலவசமாகப் படிக்கலாம். தோட்டப் பெயர்களைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். அந்தந்தத் தோட்டத்தில் அந்த மாதம் எத்தனை பவுண்டு ரப்பர் கிடைத்தது என்ற பட்டியல் வரிசை வரிசையாக வருகிறது. பங்கு விலை வருகிறது. துரைமார் பெயர் வருகிறது. பால் வெட்டியவர் பெயர் அந்தப் பட்டியல்களில் எங்கும் இல்லை.

உலகம் சுற்றிய விதை

1920களில் கத்ரி நிறுவனம் ஜொகூரில் செம்பனையைப் பெரிய அளவில் நடத் தொடங்கியது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட வணிக நிறுவனம் அது. அதன் கையில் இருந்த தோட்டங்களில் ஒன்று லாயாங்-லாயாங்கில் உள்ள உலு ரெமிஸ்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வாரிசுகள் சுமத்திராவின் டெலி பகுதிக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. உலு ரெமிஸ் தோட்டத்தில் அந்த வாரிசுகளிலிருந்து நல்ல மரங்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். எந்த மரம் எத்தனை குலை தருகிறது, ஒரு குலையின் எடை என்ன, அதில் எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு வைத்தார்கள். அப்படிப் பிறந்த தாய்மர வகைக்கு 'உலு ரெமிஸ் டுரா' என்று பெயர். செம்பனை இனப்பெருக்கம் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. இந்த வகையின் விதையும் மகரந்தமும் கடல் தாண்டிப் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு மரத்துக்கு எண் இருந்தது, வம்சாவளி இருந்தது, அதன் தாய் எது, தகப்பன் எது என்ற குறிப்பு இருந்தது. அந்த மரத்தில் ஏணி வைத்து ஏறிப் பூவுக்குப் பை கட்டியவருக்கும், குலையை வெட்டி நிறுத்துப் பார்த்தவருக்கும் அப்படி ஒரு குறிப்பு இருந்ததா?

ஜனவரி 1942

ஜப்பானியப் படை தெற்கு நோக்கி வந்தபோது, இந்த ரயில் பாதையைக் காக்கும் பொறுப்பு பிரிட்டிஷ் இந்தியப் படையின் 9ஆம் பிரிவிடம் இருந்தது. படைவீரர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். குளுவாங் அருகே நியோரில் சீக்கியப் படையணி துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து எதிரியைத் தடுத்தது. நான்கு நாள் கழித்து லாயாங்-லாயாங்கில் நிலைமை தலைகீழானது. பின்வாங்கும்போது ஒரு ரயில் பாலத்தை நேரத்துக்கு முன்பே தகர்த்துவிட்டார்கள். முன்னால் இருந்த 22ஆம் படையணி தனியாக மாட்டிக்கொண்டது. நிலைமையை நேரில் பார்க்கப் போன படைத் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28இல் இங்கே கொல்லப்பட்டார். காட்டுக்குள் வழி தேடி அலைந்த படையணியில் மிஞ்சியவர்கள் பிப்ரவரி 1இல் சரணடைந்தார்கள். அதற்கு முதல் நாளே சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலம் தகர்க்கப்பட்டிருந்தது.

இவை எல்லாம் போர் வரலாற்று நூல்களில் நாள், இடம், பெயரோடு இருக்கின்றன. இறந்த வீரர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்றும் ஏட்டில் பாதுகாக்கிறது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

அடுத்த ஆண்டு தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நம்மவரின் கதை வேறு. 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது.

இந்த வட்டாரத்தில் தொண்ணூறை நெருங்கும் பாட்டி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன்.

"எங்க மாமாவ லோரியில ஏத்துனாங்க தம்பி. மூனு மாசத்துல வந்துருவாருன்னாங்க. வரவே இல்ல."

"மாமா பேரு என்ன பாட்டி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மாமா மாமான்னே கூப்பிட்டுப் பழகிட்டோம். பேரு அம்மாவுக்குத் தெரியும்."

அம்மா இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

முள்வேலி, சிவப்பு அட்டை, ஒரு வண்டு

போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948இல், அவசரகாலம் வந்தது. குளுவாங் வட்டாரம் கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் அதிகம் இருந்த பகுதி. 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்களை ஒரே இடத்தில் குடியமர்த்தி முள்வேலி போட்டார்கள். தோட்டத்து லயங்களுக்கும் வேலி வந்தது. இரவில் வாசல் அடைப்பு, அரிசிக்கு அளவு, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போகக்கூடத் தடை. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலி என்றால் ஊரின் ஒரு பகுதி.

1969இல் அடுத்த அடி. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி வாங்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். நாடு முழுவதிலிருந்தும் சுமார் 60,000 பேர் தமிழகம் திரும்பினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் உங்கள் உறவிலும் இருக்கலாம்.

பிறகு வந்தது ஒரு சின்ன வண்டு. செம்பனை இங்கே சொந்த மரம் இல்லை என்பதால், அதன் பூவுக்குள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் பூச்சியும் இங்கே இருக்கவில்லை. அந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மகரந்தத்தை முகப் பவுடர் போன்ற தூளோடு கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய், விரிந்த பூவைத் தேடிப் பிடித்து ஊத வேண்டும். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டு வரப்பட்ட வண்டு குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் முதன்முதலாக விடப்பட்டது. வண்டு வேகமாகப் பெருகியது, காய்ப்பும் கூடியது. கையால் தூள் ஊதும் வேலை தேவையற்றுப் போனது.

"முள்ளு கிழிக்கும், பாம்பு இருக்கும். ஆனா நாங்க நாலஞ்சு பொம்பளைங்க பேசிக்கிட்டே போவோம். அது ஒரு காலம்" என்றார் அந்த வேலை செய்த ஓர் அம்மா. நாட்டின் செம்பனை வளர்ச்சியைப் பேசும்போது அந்த வண்டைப் பாராட்டாத ஆளில்லை. வண்டுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா?

அதே 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியா வாங்கியது. 2007இல் அது சைம் டார்பியோடு இணைந்தது. 2024இல் தோட்ட நிறுவனத்துக்கு எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. இரண்டு நூற்றாண்டு பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது. நிறுவனங்களின் பெயர்கள் அழிவதில்லை, பாருங்கள்.

இன்றைய ஊர்

இன்று தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம் பிள்ளைகள் செனாயில், பாசீர் கூடாங்கில், சிங்கப்பூரில். விடிவதற்குள் மோட்டாரில் கிளம்பிக் கடற்பாலத்தில் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும். ஊருக்குப் பக்கத்தில் போகும் பாதையில் இப்போது இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் வந்துவிட்டன.

பிள்ளைகள் போனதைக் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து கரையேற வேண்டும் என்பதற்காகத்தானே அப்பா அம்மா பாடுபட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயக் கிராமத்தில் ஒருவர் வேலையை விட்டாலும் ஊரை விட வேண்டியதில்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் நடந்திருக்கிறது, பல இடங்களில் காத்திருக்கிறார்கள். 1956இல் தொடங்கிய ஃபெல்டா குடியேற்றக்காரர்களுக்கு நிலம் கிடைத்தது. அதே செம்பனையை அதே மண்ணில் வளர்த்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தை ஊர் என்று சொல்ல நம் கையில் ஒரு பத்திரம் இல்லை.

பிறகு எதை வைத்து அது நம் ஊர்? இரண்டே இரண்டு பிடிகள்தாம். ஒன்று கோயில், இன்னொன்று தமிழ்ப்பள்ளி.

திருவிழா அன்று பாருங்கள், ஆளில்லாத லயத்தின் முன்னால் கார் நிறுத்த இடமிருக்காது. சிங்கப்பூர்ப் பதிவெண், சிலாங்கூர்ப் பதிவெண் எல்லாம் வந்து நிற்கும். காவடி எடுக்கும் பையனுக்குத் தோட்டத்தில் பால் வெட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் தாத்தா நட்ட வேப்பமரம் எது என்று தெரியும்.

பள்ளியின் நிலைதான் கவலை. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். ஜொகூரில் சுமார் 70. தோட்டத்தில் இருக்கும் பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவான பட்டியலில் நிற்கின்றன. பிள்ளைகள் இருக்கும் நகர்ப்பகுதிக்குப் பள்ளியை மாற்றுவது பல இடங்களில் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அதை வரவேற்க வேண்டும். ஆனால் பள்ளி இடம் மாறும்போது பழைய அலமாரி என்ன ஆகிறது என்று யாராவது பார்க்கிறோமா?

நம்முடைய ஏடுகள்

அந்த அலமாரியில்தான் நம் ஏடு இருக்கிறது. ஈம் கிராமத்துக்குத் தேவாலயப் பதிவேடு என்றால், நமக்குத் தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், போன இடம். ஒரு தோட்டத்தின் ஐம்பது அறுபது ஆண்டு வரலாறு அதற்குள் இருக்கும். 1969க்குப் பிறகு 'இந்தியா சென்றார்' என்று குறிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே ஒரு கட்டுரை எழுதலாம்.

அடுத்தது கோயில் கணக்கு நோட்டு. திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார், உபயம் யாருடையது, மணி வாங்கிக் கொடுத்தது எந்தக் குடும்பம் என்று கிராணி கையெழுத்தில் எழுதியிருக்கும். கரையான் தின்னும் வரை அது மூட்டையில் கிடக்கும். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய குப்பையோடு அது போய்விடுகிறது.

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

பள்ளி வாரியத்திலும் கோயில் நிர்வாகத்திலும் இருக்கும் நண்பர்களே, பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறருடைய விவரங்கள் அதில் இருப்பதால் எல்லார் பார்வைக்கும் போட வேண்டாம், பாதுகாத்தால் போதும். பாதுகாப்பது எப்படி என்று கேட்கத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

தோட்டத்துப் புலனக் குழுக்களில் இருப்பவர்களே, காலை வணக்கப் படத்துக்கு நடுவில் ஒரு பழைய புகைப்படத்தையும் போடுங்கள். "இதில் இருப்பது யார் யார்?" என்று கேளுங்கள். பதில் வரும்போதே பெயர்களைப் படத்தின் பின்னால் எழுதி விடுங்கள்.

இளையோருக்கு ஒன்று. அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்கும்போது ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு உட்காருங்கள். "தோட்டத்துல எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், "கஷ்டந்தான்யா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எந்த லயம், எத்தனையாவது வீடு, பக்கத்து வீட்டில் யார், தண்டல் யார், பள்ளியில் வாத்தியார் யார், சயாமுக்குப் போனவர் யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் அதன் பின்னாலேயே நான்கு கதைகள் வரும்.

உலு ரெமிஸ் விதையின் வம்சாவளி ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. பாட்டியின் மாமா பெயர் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரும் போய்விட்டார். உங்கள் வீட்டில் அப்படித் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள்.